அம்புக்குறிக்கு அப்பால்: கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் வெள்ளையணுக்களும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபினுக்குக் கீழே மொத்த வெள்ளையணு எண்ணிக்கை என்றொரு வரி இருக்கும். பத்தாவது வாரத்தில் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு அங்கே 12,400 என்று வருவது சாதாரணம். பக்கத்தில் 'இயல்பு அளவு: 4,000 – 11,000' என்று அச்சாகியிருக்கும். கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு 12,400-ஐத் தடித்த எழுத்தில் போட்டு, மேல்நோக்கி ஓர் அம்புக்குறியையும் வைத்துவிடும். அந்த அம்புக்குறி வீட்டுக்கு வந்ததும் 'இன்ஃபெக்‌ஷன்' ஆகிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, சிறுநீர் எரிச்சல் இல்லை, இருமல்கூட இல்லை. ஆனாலும் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் போட்டுப் பார்க்கலாமா என்று பேச்சு ஓடும்.

தாளில் அச்சாகியிருப்பது கர்ப்பமில்லாதவர்களுக்கான அளவு. கர்ப்பிணிக்கு எது இயல்பு என்பதைப் பெரிய அளவில் கணக்கிட்டுச் சொல்ல 2021 வரை ஆகியிருக்கிறது. அந்த ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 24,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் ரத்த முடிவுகளைத் தொகுத்து, எட்டாவது வாரத்திலிருந்து நாற்பதாவது வாரம்வரை மொத்த வெள்ளையணு 5,700 முதல் 15,000 வரை இருக்கலாம் என்று எல்லை வகுத்தார்கள். உள்ளே பிரித்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. நியூட்ரோஃபில்களின் மேல் எல்லை 55 சதவீதம் உயர்கிறது. மோனோசைட்டுகள் 38 சதவீதம் உயர்கின்றன. லிம்ஃபோசைட்டுகளோ 36 சதவீதம் இறங்குகின்றன. இயோசினோஃபில், பேசோஃபில் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. பிரசவத்தையொட்டி எண்ணிக்கை மறுபடி தாவும். வலி கண்ட நேரத்தில் 25,000-ஐத் தொட்டாலும் யாரும் பதறுவதில்லை. குழந்தை பிறந்து மூன்று வாரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த ஏற்றம் கணக்கில் தெரிவதைவிடப் பெரியது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி நாற்பது ஐம்பது சதவீதம் கூடுகிறது. அதனால்தான் ஹீமோகுளோபின் இறங்கியதுபோலத் தெரிகிறது. அந்த நீர்ப்பில் வெள்ளையணுவும் குறைந்து தெரிந்திருக்க வேண்டும். அதையும் மீறி ஏறுகிறது என்றால் எலும்பு மஜ்ஜை கூடுதலாக வேலை பார்க்கிறது என்று பொருள். மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. மஜ்ஜையைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் கூடுகின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்களை (சாதாரணமாக ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கும்) கார்ட்டிசோல் ஓட்டத்துக்குள் இழுத்துவிடுகிறது. மூன்றாவது, ரத்தத்துக்குள் வந்து சில மணி நேரத்தில் சாக வேண்டிய நியூட்ரோஃபில், ஈஸ்ட்ரோஜென் மிகுந்த கர்ப்பச் சூழலில் சற்றுத் தாமதித்துச் சாகிறது. நுண்ணோக்கியில் பார்க்கும் லேப் டெக்னீஷியனுக்கு இது கண்கூடு. கண்ணாடித் தகட்டில் முழுசாக முதிராத, உட்கரு பிளவுபடாத இளம் நியூட்ரோஃபில்கள் ஒன்றிரண்டு தட்டுப்படும். சிலவற்றின் உடலில் கருத்த துகள்களும் வெளிர்நீலத் திட்டுகளும் இருக்கும். வேறொருவர் ரத்தத்தில் இவை இருந்தால் கடும் தொற்று என்று எழுதிவிடலாம். கர்ப்பிணியின் ரத்தத்தில் தொற்று ஏதுமின்றியே இவை தென்படும். அதனால், தகட்டின் மேல் இது கர்ப்பிணியின் ரத்தம் என்று குறிப்பு இல்லாவிட்டால், நல்ல கண்ணும் ஏமாறலாம்.

அப்படியானால் எண்ணிக்கையைப் பொருட்படுத்தவே வேண்டாமா? காய்ச்சலோடு ஏறினால், வாரத்துக்கு வாரம் தாவினால், இளம் அணுக்கள் குவிந்தால், பிரசவ வலி இல்லாமலே 20,000-ஐத் தாண்டினால் தேடித்தான் ஆக வேண்டும். மிக அரிதாக ரத்தப் புற்றுநோய் கர்ப்பத்தில்தான் முதலில் வெளிப்படும். ஆனால் தொற்றைத் தேடும் வழி தொற்று இருக்கும் இடத்தைப் பார்ப்பதுதான். அறிகுறி ஏதுமின்றிச் சிறுநீரில் கிருமி தங்கியிருப்பது கர்ப்பத்தில் சிறுநீரகத் தொற்றாக மாறக்கூடியது. அதைக் கண்டுபிடிப்பது சிறுநீர் கல்ச்சர். வெள்ளையணு எண்ணிக்கைக்கு அந்தத் திறமை கிடையாது. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும்கூடக் கர்ப்பத்தில் தாமாகவே உயர்வதால் அவற்றின் சாட்சியமும் பலவீனமானது.

லிம்ஃபோசைட் இறங்குவதன் கதை வேறு. 1930-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிகளைப் பார்த்துவந்த ஃபிலிப் ஹென்ச், கர்ப்பம் தரித்த பெண்களுக்கு மூட்டு வலியும் வீக்கமும் தாமாகவே தணிவதைக் கவனித்தார். உடலுக்குள் ஏதோ ஒரு பொருள் இதைச் செய்கிறது என்று அவர் பிடித்துக்கொண்ட நூல் கடைசியில் கார்ட்டிசோனில் போய் முடிந்தது; 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நரம்புகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயும் அப்படித்தான். 1998-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நோய் திரும்பத் தாக்குவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது; பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதத்தில் அதே நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பியது. இதன் மறுபக்கம் இன்ஃப்ளூயன்சா. 1918-லும் சரி, 2009 பன்றிக்காய்ச்சலிலும் சரி, கர்ப்பிணிகள் மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். தன் உடலையே தாக்கும் லிம்ஃபோசைட் அடங்குவதும் வைரஸை எதிர்க்கும் கை சற்றுத் தளர்வதும் சேர்ந்தே வருகின்றன. நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும், அதாவது யோசிக்காமல் பாயும் முதல்வரிசைக் காவல், அந்த இடத்தை நிரப்ப முன்வருகிறது என்று இந்த மாற்றத்தைப் படிக்கலாம். நோய் எதிர்ப்பு குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது பாதி உண்மைதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் பெரிய கேள்வியை 1953-இல் பீட்டர் மெடாவர் எழுப்பினார். தோல் ஒட்டு அறுவையில் வேற்றாள் தோலை உடல் ஏன் உதறித் தள்ளுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். கருவில் பாதி மரபு தந்தையுடையது. தாயின் உடலுக்கு அது அந்நியம். பிறகு ஏன் அதைத் தாய் உடல் உதறுவதில்லை? அவர் மூன்று பதில்களை முன்வைத்தார்: தாயும் கருவும் உடலமைப்பால் பிரிந்திருக்கலாம், கரு இன்னும் அடையாளம் காட்டும் அளவுக்கு முதிராமல் இருக்கலாம், தாயின் எதிர்ப்பாற்றல் மந்தமாகியிருக்கலாம். மூன்றும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி எழுபதாண்டாக ஆய்வகங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1993-இல் தாமஸ் வெக்மானும் சகாக்களும் உதவி டி செல்களின் ஒரு பிரிவு ஓங்கி இன்னொன்று அடங்குவதாக ஒரு விளக்கம் தந்தார்கள். சொல்ல எளிதாக இருந்ததால் பாடப்புத்தகங்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டன. கர்ப்பத்தின் எல்லாக் கட்டத்துக்கும் அது பொருந்தவில்லை. 2004-இல் எலிகளில் நடந்த ஆய்வு, எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் டி செல்கள் இல்லாவிட்டால் தாய் கருவை நிராகரிக்கிறது என்று காட்டியது. அந்தச் செல்களை அடையாளம் கண்ட ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவரும் 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தம் சொன்னவை. கருப்பைக்குள் இருக்கும் வெள்ளையணுக்கள் வேறு ஜாதி. முதல் மூன்று மாதத்தில் கருப்பை உள்சவ்வில் இருக்கும் வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் என்.கே. செல்கள். ரத்தத்திலோ அவை லிம்ஃபோசைட்டுகளில் பத்து சதவீதம் போல. 'இயற்கைக் கொலையாளி' என்ற பெயரைச் சுமந்திருந்தாலும் கருப்பையில் இருப்பவை கொல்லும் வேலையை அதிகம் பார்ப்பதில்லை. கருப்பையின் சுருள் தமனிகளை அகலப்படுத்தி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாக வர வழி செய்வதில் அவற்றுக்குப் பங்குண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆஷ்லி மாஃபெட் குழு 2004-இல் காட்டியது சுவையானது. தாயின் என்.கே. செல்களில் உள்ள ஏற்பிகளின் ஒரு வகையும் கருவின் திசு அடையாளத்தின் ஒரு வகையும் சேர்ந்து அமைந்தால் அந்தச் செல்கள் அளவுக்குமேல் அடங்கிவிடுகின்றன. பிரீ-எக்ளாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயின் வாய்ப்பு கூடுகிறது. செல் வேலை செய்ததால் வந்த கேடு என்று நினைத்த இடத்தில், வேலை போதாததால் வந்த கேடு. 2018-இல் முதல் மும்மாதத்தைச் சேர்ந்த சுமார் 70,000 செல்களைத் தனித்தனியாகப் படித்த இன்னொரு கேம்பிரிட்ஜ் ஆய்வு, கருப்பை என்.கே. செல்களிலேயே மூன்று வகை இருப்பதைப் பிரித்துக் காட்டியது.

கையின் ரத்தத்துக்கும் கருப்பைக்கும் இருக்கும் இந்த இடைவெளியை வியாபாரம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அடுத்தடுத்து கருச்சிதைவு கண்ட தம்பதிக்குக் கையில் ரத்தம் எடுத்து 'உங்கள் என்.கே. செல் அதிகம்' என்று சொல்லி ஸ்டீராய்டு, கொழுப்புக் கரைசல் டிரிப் என்று அடுக்கும் மையங்கள் உலகெங்கும் உண்டு. ரத்தத்தில் உள்ளது கருப்பையில் உள்ளதைக் காட்டாது என்று மாஃபெட்டும் சகாக்களும் 2004-லேயே எழுதிவிட்டார்கள். பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்காணையம் இத்தகைய சோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்கும் சிவப்பு அடையாளம் போட்டிருக்கிறது. சீனாவில் 715 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான சோதனையில், பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 37.8 சதவீதத்தினருக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 38.8 சதவீதத்தினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. இதற்கும் முன்னால், கணவனின் வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து மனைவிக்கு ஊசியாகப் போடும் வழக்கமே இருந்தது. 1999-இல் கேரோல் ஓபர் குழு அதை முறையாகச் சோதித்தபோது ஊசி போட்டவர்களில் 36 சதவீதத்தினரும் போடாதவர்களில் 48 சதவீதத்தினரும் வெற்றி கண்டார்கள். நம்பிக்கையோடு வந்தவர்களுக்கு அந்த ஊசி உதவவில்லை என்பதோடு கெடுத்திருக்கவும் கூடும். குழந்தைக்காக ஏங்கும் வீட்டின் வாசலில் எது வைத்தாலும் விற்கும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கசப்பு.

இனி ஆக்சிஜன் பக்கம். ஆக்சிஜன் உண்டாக்கும் வினைவேகம் மிகுந்த மூலக்கூறுகளுக்கும் அவற்றைத் தணிக்கும் ஏற்பாடுகளுக்கும் இடையில் சமநிலை குலைவதை 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று 1985-இல் ஹெல்முட் சீஸ் வகுத்தார். வெள்ளையணுவோடு இதற்கு நேர்ச் சொந்தம் உண்டு. நியூட்ரோஃபில் கிருமியைக் கொல்வதே இந்த மூலக்கூறுகளை அள்ளி வீசித்தான். ஆக்சிஜனை சூப்பர் ஆக்சைடாக மாற்றி, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு செய்து, கடைசியில் பிளீச்சிங் திரவத்தில் இருக்கும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கிறது. ஆனால் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் முக்கிய அரங்கு தாயின் ரத்தத்தைவிட நஞ்சுக்கொடிதான்.

நஞ்சுக்கொடி உருவானதும் தாயின் ரத்தம் அதற்குள் பாய ஆரம்பித்துவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பெல்ஜியத்தில் உஸ்டனும் ஷாப்ஸும் 1987-இல் அதை மறுத்தார்கள். முதல் மும்மாதத்தின் பெரும்பகுதியில் நஞ்சுக்கொடியின் இடைவெளிகளுக்குள் உண்மையான ரத்த ஓட்டம் இல்லை என்றார்கள். உள்சவ்வுக்குள் ஊடுருவும் கருவின் டிரோஃபோபிளாஸ்ட் செல்களே சுருள் தமனிகளின் வாயில் அடைப்பாக அமர்ந்துகொள்கின்றன. தெளிந்த திரவம் கசிந்து போகலாம். சிவப்பணு போக முடியாது. பிறகு, கருக்கலைப்புக்கு முடிவு செய்திருந்த பெண்களின் ஒப்புதலோடு, ஸ்கேன் வழிகாட்ட, நஞ்சுக்கொடிக்குள் மெல்லிய உணர்கருவியை நுழைத்து ஆக்சிஜன் அளக்கப்பட்டது. எட்டாவது வாரத்தில் அங்கே 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. தாயின் தமனியில் 100 இருக்கும்போது கரு இருக்கும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பன்னிரண்டு பதின்மூன்றாவது வாரத்துக்குள் அது 50-ஐத் தாண்டுகிறது.

எரிக் ஜோனியோவும் கேம்பிரிட்ஜின் கிரஹாம் பர்ட்டனும் சகாக்களும் 2000-இல் இந்தத் துண்டுகளை ஒன்றாகக் கோத்தார்கள். உறுப்புகள் வடிவெடுக்கும் வாரங்களில் கரு ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்கிறது. அது குறையாகத் தெரியவில்லை, காப்பாகத் தெரிகிறது. செல் பிரிவதும் உறுப்பு அமைவதும் நடக்கும்போது ஃப்ரீ ரேடிக்கல்கள் (அந்த வினைவேக மூலக்கூறுகள்) குறைவாக இருப்பதே டி.என்.ஏ.வுக்குப் பாதுகாப்பு. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கருப்பை உள்சவ்வின் சுரப்பிகள் சர்க்கரையும் புரதமும் வளர்ச்சிக் காரணிகளும் கலந்த ஒரு சுரப்பை நஞ்சுக்கொடி இடைவெளிக்குள் அனுப்புகின்றன. ஆக்சிஜனை அதிகம் கேட்காத முறையில் கரு அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் நஞ்சுக்கொடியின் வெளிப்படலத்தில் ஃப்ரீ ரேடிக்கல்களைத் தணிக்கும் நொதிகளான கேட்டலேஸ், குளுடாதையோன் பெராக்சிடேஸ் போன்றவை மிகக் குறைவு. அதாவது, ரத்தம் சீக்கிரமாகப் பாய்ந்தால் தாங்கும் வலு அதற்கு இன்னும் வரவில்லை. செயற்கைக் கருத்தரிப்பு ஆய்வகங்களும் இதையே வேறு வழியில் கண்டுகொண்டன. காற்றில் இருக்கும் 20 சதவீத ஆக்சிஜனில் வளர்த்த கருவைவிட 5 சதவீதத்தில் வளர்த்தது குழந்தையாகும் வாய்ப்பு அதிகம்.

பத்தாவது வாரத்தையொட்டி அடைப்புகள் தளர்கின்றன. ஒரே நாளில், எல்லா இடத்திலும் அல்ல. 2003-இல் வெளியான அடுத்த ஆய்வு, இயல்பான கர்ப்பத்தில் ஓட்டம் முதலில் நஞ்சுக்கொடியின் விளிம்பில் தொடங்குவதைக் காட்டியது. நடுப்பகுதியில் ஊடுருவல் ஆழமாக இருப்பதால் அடைப்பும் அங்கே உறுதியாக நிற்கிறது. விளிம்பில் ரத்தம் வந்ததும் ஆக்சிஜன் ஏறுகிறது. அங்கேயுள்ள விரல் போன்ற நீட்சிகள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் சிதைந்து தேய்கின்றன. அதுவரை கருவைச் சுற்றிலும் பந்துபோல மூடியிருந்த நஞ்சுக்கொடி, ஒரு பக்கம் மெல்லிய சவ்வாகி, மறுபக்கம் தட்டையான வட்டாகத் திரள்வது இப்படித்தான். பனிக்குடம் உடையும்போது உடைவது அந்தத் தேய்ந்த பக்கத்துச் சவ்வு. இந்தப் பொருளைத் தேடிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: மருந்துக்கடை விளம்பரங்களில் எந்நேரமும் எதிரியாகச் சித்திரிக்கப்படும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் இங்கே நஞ்சுக்கொடியைச் செதுக்கும் உளியாக வேலை பார்க்கிறது.

அதே உளி தவறினால் கருச்சிதைவு. கலைந்துபோகும் கர்ப்பங்கள் பலவற்றில் ஊடுருவல் ஆழமில்லை. அடைப்புகள் ஓட்டை உடைசலாக இருக்கின்றன. எட்டு ஒன்பது வாரத்திலேயே ரத்தம் நடுவில் புகுந்து, இன்னும் தயாராகாத திசு முழுவதும் ஒரே வீச்சில் தாக்குண்டு உதிர்கிறது. குரோமோசோம் கோளாறால் முன்பே நின்றுபோன கருவிலும் இதே காட்சியைக் காணலாம். ஆகவே எல்லாச் சிதைவுக்கும் ஆக்சிஜனே முதல் காரணம் என்று சொல்ல முடியாது. பல நேரம் அது கடைசிக் கட்டத்தை முடித்துவைக்கிறது. இந்தச் சித்திரமும் முழுசாக உறைந்துவிடவில்லை. 2017-இல் அமெரிக்காவின் ஓரிகான் குழுவினர் நுண்குமிழிகள் கலந்த சாயத்தோடு ஸ்கேன் செய்து, ஆறாவது வாரத்திலேயே ஓட்டம் தெரிகிறது, அடைப்புகள் ஏழாவது வாரத்திலேயே பிரியத் தொடங்குகின்றன என்றார்கள். அப்படியானால் பத்தாவது வாரத்தில் கதவு திறக்கிறது என்பதைவிட, ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவு கூடுகிறது என்பது சரியாக இருக்கும். ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறுகிறது என்ற அடிப்படையை இது கவிழ்க்கவில்லை. கால அட்டவணையைத்தான் தளர்த்துகிறது.

நஞ்சுக்கொடியில் நடப்பது தாயின் வெள்ளையணுவை எட்டுவது எப்படி? ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ரெட்மனும் இயன் சார்ஜென்டும் தந்த பதில் இன்றும் நிற்கிறது. நஞ்சுக்கொடியின் வெளிப்படலம் இடைவிடாமல் நுண்துகள்களைத் தாயின் ரத்தத்தில் உதிர்க்கிறது. அவற்றைச் சந்திக்கும் நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் விழித்துக்கொள்கின்றன. 1998-இல் அவர்கள் குழுவில் கேவின் சாக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பிற்பகுதிக் கர்ப்பத்தில் இருந்த ஆரோக்கியமான பெண்களின் வெள்ளையணுக்கள், ரத்தத்தில் தொற்று பரவி ஐ.சி.யு.வில் கிடக்கும் நோயாளியின் வெள்ளையணுக்களை நினைவூட்டும் அளவுக்குத் தூண்டப்பட்டிருந்தன. அவற்றுக்குள் ஆக்சிஜன் வினைமூலக்கூறுகளும் கூடியிருந்தன. பிரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்களிடம் இது இன்னும் ஒரு படி மேலே. இயல்பான கர்ப்பமே மிதமான அழற்சி நிலை. அது எல்லை மீறும்போது நோய் என்று அவர்கள் 1999-இல் வாதிட்டார்கள். 2005-இல் சினுஹே ஹான் குழு, இந்தத் துகள்கள் பட்டதும் நியூட்ரோஃபில்கள் தம் டி.என்.ஏ.வையே வலையாக விரித்துவிடுவதையும், பிரீ-எக்ளாம்ப்சியா நஞ்சுக்கொடிகளில் அந்த வலைகள் மிகுந்திருப்பதையும் காட்டியது. வட்டம் இங்கே முழுமையாகிறது: அழுத்தத்துக்கு உள்ளான நஞ்சுக்கொடி துகள் உதிர்க்கிறது, துகள் வெள்ளையணுவை எழுப்புகிறது, எழுந்த வெள்ளையணு ரத்தக் குழாய்ச் சுவரில் மேலும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது. சாக்ஸின் அளவீடு கர்ப்பத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பதை மறந்துவிட்டு முதல் மூன்று மாதத்துக்கும் அப்படியே பொருத்துகிறவர்கள் உண்டு. தொடக்க வாரங்களில் உதிரும் துகளின் அளவு சிறிது. ஹார்மோனின் கை அங்கே பெரிது.

முதல் மும்மாத எண்ணிக்கையிலிருந்து பின்னால் வருவதை ஊகிக்க முடியுமா என்பதற்கு நல்ல முயற்சியாக 2004-இல் பாஸ்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய சுமார் 2,700 பெண்களில் 98 பேருக்குப் பின்னர் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வந்தது. அவர்களுடைய முதல் மும்மாத வெள்ளையணு சராசரி 10,500. நோய் வராதவர்களுக்கு 9,200. வேறுபாடு உண்மைதான். ஆனால் இரண்டு கூட்டமும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதால், தனி ஒருத்தியின் 10,500-ஐ வைத்து அவளிடம் எதையும் சொல்லிவிட முடியாது. நம் ஊருக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. சென்னையின் மருத்துவர் வி. சேஷய்யா குழு தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட கணக்கில், நகரத்தில் 17.8 சதவீதத்தினருக்கும் கிராமத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. வெள்ளையணுவைப் பார்த்து ஊகிப்பதைவிட, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொடுகிறதா என்று பார்க்கும் அவர் முறை நேரடியானது, மலிவானது. சர்க்கரைக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கும் தொடக்க வாரங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் எரிக்சனும் போர்கும் 1991-இல் எலிக் கருக்களை மிகைச் சர்க்கரையில் வளர்த்தபோது அவை ஊனப்பட்டன. ஃப்ரீ ரேடிக்கல்களை அழிக்கும் நொதிகளைச் சேர்த்ததும் அந்த ஊனம் குறைந்தது. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருக்கும் பெண், கருத்தரிக்கும் முன்னரே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதன் பின்னே இந்த வேதியியலும் இருக்கிறது.

இப்போது வரும் சிறு ஆய்வுகளில் பெரும்பகுதி நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட்டால் வகுத்து, அந்த விகிதத்தை வைத்துக் கருச்சிதைவையும் பிரீ-எக்ளாம்ப்சியாவையும் முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறவை. செலவில்லாத கணக்கு என்பதால் கவர்ச்சி அதிகம். கர்ப்பத்தில் மேலெண் தானே ஏறுகிறது, கீழெண் தானே இறங்குகிறது; எட்டாவது வாரத்தில் எடுத்த ரத்தத்தையும் பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்ததையும் ஒரே கூடையில் போட்டால் விகிதம் வாரத்தைச் சொல்லுமே தவிர நோயைச் சொல்லாது. ஆய்வுக்கு ஆய்வு எல்லைக்கோடு மாறுவதில் வியப்பில்லை. உடல் பருமனும் புகைபழக்கமும்கூட வெள்ளையணுவை உயர்த்துபவை. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளப்பது இதைவிடச் சிக்கல். பரவலாகப் பயன்படும் மாலோன்டைஆல்டிஹைடு சோதனை, கொழுப்பு கெட்டுப்போனதன் எச்சத்தை நிறமாற்றத்தால் காட்டுவது. அதே நிறத்தை வேறு பொருட்களும் தரும். ரத்தத்தை எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்தாலே அளவு மாறும். அதே கொழுப்புச் சிதைவின் இன்னொரு எச்சமான ஐசோப்ரோஸ்டேனை அளப்பது நம்பகமானது, ஆனால் அதற்கான கருவி சாதாரண லேபில் கிடையாது. மாலோன்டைஆல்டிஹைடு கூடியிருந்தது என்ற ஒரு வரியை மட்டும் நம்பி எழுதிய கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் வாசிக்கிறேன்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் பிரச்சினை என்றால் அதைத் தணிக்கும் வைட்டமினைக் கொடுத்தால் போயிற்று என்று தோன்றுவது இயல்பு. 1999-இல் லண்டனில் லூசி சாப்பெல் குழு 283 பெண்களுக்கு வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் அல்லது வெறும் மாத்திரையும் கொடுத்தது. பிரீ-எக்ளாம்ப்சியா 17 சதவீதத்திலிருந்து 8-ஆகக் குறைந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து நடந்தது மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வரலாறு. 2006-இல் பிரிட்டனில் 2,400 பெண்களிடம் அதே மருந்து பலிக்கவில்லை; எடை குறைந்த குழந்தைகள் 24-க்குப் பதில் 28 சதவீதமாகக் கூடவும் செய்தார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 1,877 பேரிடமும் பலன் இல்லை. சத்துக்குறைவு உள்ளவர்களிடமாவது பலிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் நாடுகளில் 1,365 பெண்களிடம் சோதித்து 2009-இல் கைவிரித்தது. தாமதமாகத் தொடங்கியதுதான் கோளாறோ என்று அமெரிக்காவில் 10,154 பெண்களுக்கு ஒன்பதாவது வாரத்திலிருந்தே கொடுத்துப் பார்த்த முடிவு 2010-இல் வந்தது. அதிலும் பூஜ்யம். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை சிறு அளவில் செல்களுக்கிடையே சேதி சொல்லும் பொருட்கள். எங்கே, எந்த வாரத்தில், எவ்வளவு என்று பார்க்காமல் உடல் முழுக்க அவற்றை அடக்கப் போனால் என்ன ஆகும் என்பதை இந்தச் சோதனைகள் ஓரளவு சொல்லிவிட்டன. ஆனாலும் 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்று பொறித்த டப்பாக்கள் கர்ப்பிணிகளின் மருந்துச் சீட்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை. (இரும்புச் சத்தும் ஃப்ரீ ரேடிக்கலை உண்டாக்கும் என்று எங்கோ படித்துவிட்டு ஐ.எஃப்.ஏ. எனப்படும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரத்தசோகை செய்யும் கேடு கண்ணெதிரே இருப்பது.)

பலித்தது ஆஸ்பிரின். 2017-இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில், பதினொன்று முதல் பதினான்காவது வாரத்துக்குள் ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட 1,600-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப்பேர் இரவு தோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தார்கள். முப்பத்தேழு வாரத்துக்கு முன்பே வரும் பிரீ-எக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6-ஆக இறங்கியது. அந்த ஆபத்தைக் கணித்தவை வயதும் முன்வரலாறும், ரத்த அழுத்தமும், கருப்பைத் தமனியின் டாப்ளரும், ரத்தத்தில் நஞ்சுக்கொடி விடும் இரண்டு புரதங்களும். வெள்ளையணு எண்ணிக்கைக்கோ ஆக்சிஜனேற்ற அளவீட்டுக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை. கணிப்பும் மருந்தும் பதினான்காவது வாரத்துக்குள் முடிவாக வேண்டும், பதினாறைத் தாண்டித் தொடங்கினால் பலன் குறைகிறது. சுருள் தமனிகள் திறந்து அகலப்படும் காலத்தோடு இந்தக் கெடு ஒத்துப்போகிறது. இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, முதல் மும்மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் 70 சதவீதம். மீதி 30 சதவீதத்தினர் முதல்முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஆஸ்பிரின் தொடங்க ஏற்ற அந்த வாரங்களில் பெரும்பகுதி கடந்திருக்கும்.